வெட்டாமல் அச்சேறிய கடிதம்

என் மனைவிக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ஆனாலும் எனக்கு அறுபது எழுபது மச்சினன்மார்கள். அவளோடு மருத்துவக் கல்லூரியில் படித்த ஆண்கள் அத்தனை பேரும் எங்கள் கல்யாணத்தில் வரிசையாக வந்து கைகுலுக்கி "மாப்ளே" என்றார்கள். நாற்பத்தைந்து வருஷமாகியும் அதை விடவில்லை. எழுபத்துமூன்று வயதில், தலையில் ஒரு முடி இல்லாமல், தொலைபேசியை எடுத்தால் "மாப்ளே, சௌக்கியமா?" என்று கேட்கப்படுகிற ஆசாமி இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

அவளுக்குக் கல்லூரியில் வைத்த பெயர் லென்ஸ். ரத்தத்தையும் சதைத் துணுக்கையும் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்து, என்ன நோய் என்று எழுதிக் கொடுக்கிற டாக்டர் அவள். முப்பத்துநாலு வருஷம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில் அந்த வேலை. நோயாளியின் முகத்தை அவள் பார்த்தது அபூர்வம், நோயைப் பார்க்காமல் விட்டது அதைவிட அபூர்வம். வீட்டிலும் அந்தக் கண்ணுக்கு ஓய்வில்லை. நான் சவரம் செய்யும்போது தாடைக்கடியில் விட்டுவிட்ட மூன்று முடியை எதிர் அறையிலிருந்தே சொல்லிவிடுவாள்.

ஓய்வு பெற்ற மறு வருஷம், பழைய மாணவர் சங்கத்துப் பத்திரிகையில் அவளுக்கு ஒரு பக்கம் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் பத்திரிகை. வகுப்புத் தோழர்கள் எழுதும் கடிதங்களைத் தொகுத்து, மேலே நாலு வரி, கீழே நாலு வரி தன் பங்குக்கு எழுதி வெளியிட வேண்டும். பக்கத்துக்கு "கடைசி பெஞ்ச்" என்று பெயர் வைத்தாள். முதல் பெஞ்சை விட்டு ஒரு நாளும் நகராதவள் என்பது வேறு விஷயம்.

டாக்டர் கையெழுத்தைப் படிக்க இந்த உலகத்தில் இரண்டே பேரால்தான் முடியும். ஒருவர் மருந்துக்கடைக்காரர், இன்னொருவர் தபால்காரர். நான் தபால் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் இருந்தவன். எந்தக் கிறுக்கலாக இருந்தாலும் விலாசத்தைக் கண்டுபிடித்துவிடுவேன். அதனால் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் கணினியில் தட்டுவதும் என் தலையில் விழுந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் உரக்கப் படிப்பேன், அவள் கேட்டுக்கொண்டே "அதை விடுங்க, இதை விடுங்க" என்பாள். விட்டது போக மிஞ்சியதைத் தட்டுவேன்.

வெட்டுவதற்கு அவளிடம் சட்டம் இருந்தது. பிள்ளைகளின் உத்தியோகப் பெருமைக்கு ஒரு வரி, முழங்கால் வலிக்கு இரண்டு வரி, அதற்கு மேல் கிடையாது. சொன்னதையே சொன்னால் ஒன்றுதான் நிற்கும். ஒரு தடவை நான், "பாவம், ஆசையா எழுதியிருக்கார், இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன்.

"ஏங்க, படிக்கறவங்க யாரு? எல்லாம் டாக்டருங்க. ஒரு வரி கோணலா இருந்தா போதும், ஆளைப் படுக்க வச்சு வயித்தை அமுக்கிப் பாத்துடுவாங்க. என் பெஞ்சுல உக்காந்தவங்க யாரும் நாலு பேர் முன்னாடி அசடா நிக்கக் கூடாது."

இதுதான் அவளுடைய அன்பு. கொஞ்சிப் பேசத் தெரியாது. வெட்டத் தெரியும்.

எல்லாரிலும் தவறாமல் எழுதுகிறவர் ஒட்டகம். ஆள் ஆறடி மூன்று அங்குலம், கழுத்து மட்டும் அதில் பாதி என்பார்கள். நாலு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு சின்ன ஊரில் சொந்தமாக மருத்துவமனை வைத்திருந்தார். மருத்துவமனை என்றால் இரண்டு அறை, ஒரு வராந்தா. தினம் நாற்பது பேருக்குக் குறையாமல் பார்ப்பார். மனைவி ஆறு வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார், மகன் கடல் தாண்டி இருக்கிறான். காலை எட்டரைக்குத் திறக்கும் அந்தக் கதவுதான் அவருக்கு மிச்சம் இருந்த குடும்பம். கடிதம் எழுதுவதற்கென்று தனித் தாள் வாங்க மாட்டார். மருந்துச் சீட்டின் பின்புறம்தான் எழுதுவார். எட்டுச் சீட்டு, பத்துச் சீட்டு, மூலையில் எண் போட்டு, குண்டூசி குத்தி வரும்.

கொஞ்ச காலமாக அவர் கடிதத்தில் வெட்டு அதிகமாயிற்று. ஒன்றில், "குண்டப்பன் எப்படி இருக்கான், ஆளையே காணோம்" என்று கேட்டிருந்தார். வகுப்புத் தோழர் குண்டப்பன் செத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது, அதற்கு இரங்கல் எழுதியவரே ஒட்டகம்தான். நான் படித்ததும் லென்ஸ் கையை ஆட்டினாள். "விடுங்க. குண்டப்பன் சம்சாரம் இந்தப் பத்திரிகையப் படிக்கறாங்க. மனசு கஷ்டப்படும்." விட்டுவிட்டேன். இன்னொன்றில் ஒரே செய்தி இரண்டு தரம் வந்தது. "கிழவனுக்கு வாய் நீளம்" என்று சிரித்துவிட்டு ஒன்றை வெட்டினாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன வருஷம் லென்ஸுக்குக் கண்புரை அறுவை நடந்தது. ஒரு வாரம் படிக்கக் கூடாது, குனியக் கூடாது என்றார்கள். பத்திரிகை ஆசிரியரோ வெள்ளிக்கிழமைக்குள் பக்கம் வேண்டும் என்று உயிரை எடுத்தார். "நீங்களே பாத்துப் பண்ணிடுங்க. பதினோரு வருஷமாப் பாக்கறீங்கல்ல" என்று கண்ணில் பிளாஸ்திரியோடு சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அந்த முறை ஒட்டகத்திடமிருந்து ஆறு சீட்டு வந்திருந்தது. முதல் சீட்டில், "இதுவரை யாரிடமும் சொல்லாத கதை ஒன்று" என்று ஆரம்பித்து எலும்புக் கதையைச் சொல்லியிருந்தார். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் மணிக்கட்டு எலும்பு ஒன்றைக் கையில் கொடுத்து, வலதா இடதா என்று கேட்டிருக்கிறார். பதற்றத்தில் பதிலைச் சொல்லிவிட்டு, எலும்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நன்றி ஐயா என்று வெளியே வந்துவிட்டார் ஒட்டகம். அடுத்து உள்ளே போன பெண்ணை மேசைக்கடியில் தவழவிட்டு எலும்பைத் தேடச் சொன்னாராம் பேராசிரியர். தவழ்ந்தது லென்ஸ். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஐந்தாவது சீட்டைத் திருப்பினால், "இதுவரை யாரிடமும் சொல்லாத கதை ஒன்று" என்று அதே எலும்பு, அதே சட்டைப் பை, அதே தவழல். ஒரு வார்த்தை மாறவில்லை.

நான்தான் சீட்டை மாற்றிப் படிக்கிறேனோ என்று எண்களைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வெட்டலாமா என்று யோசித்தேன், கை வரவில்லை. முப்பத்தாறு வருஷம், உறைக்குள் என்ன இருக்கிறதோ அதைத் தொடாமல் கொண்டுபோய்ச் சேர்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். வேண்டுமென்றே விளையாட்டுக்கு எழுதியிருப்பார் என்றும் ஒரு நினைப்பு. அப்படியே தட்டி அனுப்பினேன்.

பத்திரிகை வந்த மறுநாள் காலை முதல் தொலைபேசி. அவர்கள் வகுப்பில் நரம்பு வைத்தியம் படித்தவர், பெயரும் நரம்புதான்.

"மாப்ளே, லென்ஸ்கிட்ட குடுங்க."

சௌக்கியமா என்று கேட்காமல் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"லென்ஸ், ஒட்டகம் லெட்டர் படிச்சேன். அது அச்சுல வந்த தப்பா, இல்ல அவனே ரெண்டு தரம் எழுதினானா?"

அவள் என்னைப் பார்த்தாள். "அவரே எழுதினதுதான்" என்றேன்.

பிறகு, "அவன் இன்னும் பேஷண்ட் பாக்கறானா?" என்றார்.

அன்றைக்கு மட்டும் ஐந்து பேர் கூப்பிட்டார்கள். சுற்றி வளைத்தாலும் எல்லாரும் வந்து நின்றது அந்தக் கேள்வியில்தான். லென்ஸ் என் மேல் பாய்ந்தாள். "ஒரே ஒரு தடவ உங்களை நம்பினேன், பாருங்க அவனை ஊர் முன்னாடி நிறுத்திட்டீங்க!" அவளே சற்று நேரத்தில் அடங்கினாள். "அந்தப் பெட்டியை இறக்குங்க" என்றாள்.

பழைய கடிதங்களை நான் தேதிவாரியாகக் கட்டி வைத்திருந்தேன். இலாகாப் பழக்கம். ஒட்டகத்தின் கட்டை மட்டும் பிரித்துச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பினாள். புதுசாகச் சரிசெய்த கண்ணால் ஒவ்வொரு சீட்டாகப் படித்தாள். இம்முறை நான் படித்துச் சொல்லவில்லை. நாங்கள் விட்ட வரிகள்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை.

"மூணு வருஷங்க" என்றாள் கடைசியில். "மூணு வருஷமா இது என் கையில இருந்திருக்கு. ஸ்லைடுல ஒரு செல் வித்தியாசமா இருந்தா விடமாட்டேன். இதை எடுத்து எடுத்துக் குப்பையில போட்டுட்டு, மிச்சத்தை அழகா அடுக்கி, பாருங்க எவ்வளவு தெளிவா எழுதறான்னு ஊருக்கே காட்டியிருக்கேன். நான் வெட்டாம இருந்திருந்தா நரம்பு அப்பவே கண்டுபிடிச்சிருப்பான்."

அவள் சொன்னது உண்மை. அவளுக்கு அழத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் பொய்யாகிவிட்டது.

தொலைபேசியில் சொல்கிற விஷயமா இது? மறுநாள் காலை முதல் ரயிலைப் பிடித்தோம். எனக்கு ஒரே கவலைதான். அந்த மனுஷரிடமிருந்து அந்தக் கதவைப் பிடுங்கிவிட்டால் அவருக்கு என்ன மிஞ்சும்? பிடுங்காவிட்டால் யாருக்கு என்ன ஆகும்?

வராந்தாவில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் மருந்து கொடுக்கிற சாளரம். அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, கையில் மருந்துச் சீட்டு, பக்கத்தில் ஒரு நோட்டு. லென்ஸ் தன்னை இன்னார் என்று சொன்னதும் அவர் நோட்டைச் சட்டென்று மூடினார். என் மனைவியின் கண்ணுக்கு அது போதும்.

"அதுல என்னம்மா எழுதறீங்க?"

அவர் வராந்தாவைப் பார்த்தார், ஆலோசனை அறையின் கதவைப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு. இடது பக்கம் டாக்டர் எழுதிய மருந்து, வலது பக்கம் இவர் கொடுத்த மருந்து.

"போன வாரம் ஒரு குழந்தைக்கு ஒரே மருந்தை ரெண்டு கம்பெனி பேர்ல எழுதிட்டாரும்மா. நான் ஒண்ணுதான் குடுத்தேன்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"எப்படிம்மா சொல்றது? என் பொண்ணு மூச்சு விட முடியாம கெடந்தப்ப தோள்ல தூக்கிட்டு ஓடினவரு. இருபத்திரண்டு வருஷமா அவர் எழுதறதுதான் எனக்கு வேதம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா நான் லீவே போடலம்மா. அடுத்த மாசம் எனக்கு கர்ப்பப்பை ஆபரேஷன். ஒரு மாசம் வர முடியாது. அதை நெனச்சாத்தான் சோறு எறங்கல."

லென்ஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளே போனோம். ஒட்டகம் எங்களைக் கண்டதும் நாற்காலி பின்னால் சாய எழுந்துவிட்டார். "ஏய் லென்ஸ்! மாப்ளே! சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கறீங்க!" சட்டை கஞ்சி போட்டுத் தேய்த்து மொடமொடவென்று இருந்தது, மேசை துடைத்து வைத்தது போல இருந்தது. பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. உட்கார வைத்து, டீ சொல்லி அனுப்பிவிட்டு, "இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத கதை ஒண்ணு சொல்றேன்" என்று எலும்புக் கதையை எடுத்தார்.

லென்ஸ் முழுசாகக் கேட்டாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். முடிந்ததும் நாற்காலியை நகர்த்தி அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"டேய், இந்தக் கதைய நீ எனக்கு எழுதியிருக்கே. கடைசி லெட்டர்ல ஒரே லெட்டர்லயே ரெண்டு தடவ."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து அட்டைக் கோப்பு ஒன்றை எடுத்தார். அதில் "கடைசி பெஞ்ச்" பக்கங்கள், அவருடைய கடிதம் வந்தவை மட்டும், ஓரம் வெட்டி ஒட்டியிருந்தன.

"ரெண்டு வருஷமா எனக்கே சந்தேகம் லென்ஸ். மருந்து பேர் நாக்கு வரைக்கும் வரும், போயிடும். வழக்கமா வர்ற ஆளு, முகம் தெரியும், என்ன வியாதின்னு தெரியாது. அப்பல்லாம் இதை எடுத்துப் படிப்பேன். என் லெட்டரைத்தான். இவ்வளவு தெளிவா, கோர்வையா எழுதறவனுக்கு மூளையில என்ன கோளாறு இருக்க முடியும்? வயசாச்சு, அவ்வளவுதான்னு சமாதானம் ஆயிடும். அடுத்த பேஷண்டைக் கூப்பிடுவேன்."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தத் தடவ வந்த பத்திரிகையப் பாத்ததும் பயந்துட்டேன். ரெண்டு தடவ எழுதியிருக்கேன்னு எனக்கே தெரிஞ்சுது. யாராவது கூப்பிடுவாங்கன்னு போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒருத்தனும் கூப்பிடல."

ஐந்து பேர் கூப்பிட்டார்கள். எங்களைக் கூப்பிட்டார்கள். அதை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான் வெட்டினேன்டா" என்றாள் லென்ஸ். "உன் லெட்டரை நான்தான் திருத்தித் திருத்திப் போட்டேன். நீ அசடா தெரியக் கூடாதுன்னு. அது நீ எழுதினது இல்ல. நான் பண்ணினது. என்னை மன்னிச்சுடு."

ஒட்டகம் அந்தக் கோப்பை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடி, அவள் பக்கம் தள்ளினார். "நல்லாத்தான் எழுதியிருந்தே" என்றார்.

நரம்பிடம் போகலாம் என்றாள் லென்ஸ். தைராய்டாக இருக்கலாம், வைட்டமின் குறைவாக இருக்கலாம், திருத்தக்கூடியதாகவே இருக்கலாம், பார்த்துவிடலாம் என்று ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"பாக்கலாம்" என்றார் அவர். "அதுவரைக்கும்?"

லென்ஸ் சொன்னாள். "அதுவரைக்கும் பேஷண்ட் வேண்டாம்."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து, கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசை மேல் வைத்தார். கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"எல்லாரும் கேளுங்க. எனக்கு ஞாபகம் தவறுது. இனிமே நான் உங்களுக்கு மருந்து எழுதறது சரியில்ல. பக்கத்துத் தெரு டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்றேன், அவர் பாத்துப்பார். இத்தனை நாள் என்னை நம்பி வந்தீங்க. ரொம்ப நன்றி."

குழந்தையை வைத்திருந்த ஒரு பெண் எழுந்து வந்து அவர் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். மற்றவர்கள் போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். சாளரத்துக்கு உள்ளே அந்தப் பெண்மணி அழுகிற சத்தம் கேட்டது. ஒட்டகம் நிமிர்ந்தபடியே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

டீ வந்தது. குடித்தார். மகனைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்தார்.

"லென்ஸ், வெளியில ஜனங்க காத்திட்டிருக்காங்க. அவங்ககிட்ட நான் சொல்லணும் இல்ல?"

சொல்லியாகிவிட்டது என்று வாயெடுத்தேன். மேசைக்கடியில் என் மனைவி என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"ஆமாண்டா. வா, சொல்லலாம்" என்று எழுந்தாள்.

வராந்தாவில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "எல்லாரும் கேளுங்க. எனக்கு ஞாபகம் தவறுது" என்று ஒட்டகம் ஆரம்பித்தார். படியிறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திரும்பி ஏறி வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, முதல் தடவை கேட்பது போலக் கேட்டார். லென்ஸ் ஒட்டகத்தின் பக்கத்திலேயே நின்றாள். ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை.